ஒன்பதரை மணித் துண்டு

சூசையின் கையை எந்த இடத்தில் முறிக்க வேண்டும் என்பதிலேயே மதியழகனின் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. மணிக்கட்டிலா, முழங்கைக்குக் கீழேயா. வலது கை என்று மட்டும்தான் மச்சானிடம் சொல்லியிருந்தான். மற்றதைப் பாண்டித்துரை பார்த்துக்கொள்வான். பெண்டாட்டியின் தம்பிதான் என்றாலும் இந்த மாதிரி வேலைக்கு அவனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை, பட்டுக்கோட்டையில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும், மீதிப் பேருக்கு அவன் கையைத் தெரியும். "ஒரு மணி நேரம் குடு மாப்ள, பைக்க எடுத்துட்டேன்" என்று அவன் சொன்னபோது ஊரில் மணி ஒன்பது. இப்போது ஒன்பதரை. சிங்கப்பூரில் பன்னிரண்டு, சாப்பாட்டு நேரம். கிரேன் மோட்டாரை அணைத்தாயிற்று, பிரேக்கைத் தளர்த்தியாயிற்று, இனி ஒரு மணி வரைக்கும் காற்று இழுக்கிற பக்கம் அந்த நீளக் கை தானே திரும்பிக்கொண்டிருக்கும், அதோடு சேர்ந்து அவன் உட்கார்ந்திருக்கிற கண்ணாடிக் கூண்டும் திரும்பும். இறங்கி ஏறவே அரை மணி போய்விடும் என்று காலையிலேயே சோற்றைப் பையில் போட்டு மேலே கொண்டுவந்துவிடுவான், ஒன்றுக்குப் போவதுகூட பாட்டிலில்தான். காலுக்குக் கீழேயும் கண்ணாடி. நாற்பது மாடிக்குக் கீழே மஞ்சள் தொப்பிகள் நிழலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. அவன் அதைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த போனைப் பார்த்தான். போனில் அறந்தாங்கி வீட்டுக் கூடம் தெரிய வேண்டும். தெரியவில்லை. பச்சை நிறம் மட்டும் தெரிந்தது. கேமரா மேல் சூசை துண்டைப் போட்டுவிட்டான்.

இன்றைக்கு மட்டுமில்லை. பத்து நாளாகவே பார்க்கிறான், ஒன்பதரை ஆனால் துண்டு விழுந்துவிடுகிறது, பத்தரைக்கு எடுபடுகிறது. ஆபீஸ் நேரம் மாதிரி. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் "தங்கமான மனுஷன் சார், ஆஸ்பத்திரி வார்டுல இருபது வருஷம் இருந்தவர்" என்று சொல்லித்தான் இந்த ஐம்பது வயதுக்காரனை அனுப்பினான், நாகர்கோவில் பக்கத்து ஆள். துண்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று மதியழகன் பத்து நாளாகக் கேட்கவில்லை, கேட்டால் உஷாராகிவிடுவான், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். இன்றைக்குக் காலை பதினொன்றேகாலுக்கு, இரண்டு டன் கம்பிக் கட்டை அந்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கீழேயிருந்து சிக்னல் வருவதற்காகக் காத்திருந்தபோது, நேற்றைய பதிவைத் தட்டிப் பார்த்தான், அகப்பட்டது. மோட்டார் இரைச்சலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை, படம் போதும். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில், சூசை எதிரே குத்துக்காலிட்டு, தட்டில் இட்லி. சூசையின் இடது கை அப்பா வாய்ப்பக்கம் போகிறது. ஒரு வெட்டு வெட்டியது போல அவன் உடம்பு துள்ளுகிறது. வலது கை எழும்புகிறது, அப்பாவின் கன்னத்தில் இறங்குகிறது, எழுபத்து நான்கு வயதுத் தலை ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வருகிறது. அப்புறம் அப்பாவின் தோள் குலுங்குகிறது, குலுங்கிக்கொண்டே இருக்கிறது. அழுகிறார். அந்த மனுஷன் அழுது அவன் பார்த்ததே கிடையாது. அடித்தவன் எழுந்து, தோள் துண்டை எடுத்து, கேமராவுக்கு நேராக நடந்து வருகிறான், முகம் பெரிதாகிறது, அப்புறம் பச்சை.

மச்சானுக்குப் போன் போடுவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது, தன்னிடமே சொல்லிக்கொள்ள அவனுக்கு நாக்கு எழவில்லை. அந்த அடி விழுந்த முதல் நொடியில், கோபம் வருவதற்கு முந்தின நொடியில், நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. வாங்கு என்றது. அப்புறம்தான் கோபம் வந்தது, அந்த இனிப்பை மறைப்பதற்காகவே இரண்டு மடங்காக வந்தது, கை லீவரில் இடித்தது, கம்பிக் கட்டு அந்தரத்தில் ஆடியது, கீழே ரேடியோவில் ஒருவன் கத்தினான். பத்துப் பன்னிரண்டு பேர் தலைக்கு மேலே இரண்டு டன் இரும்பு. ஒரு விரல் அசைந்தால் போதும். அவன் விரலைக் கட்டுப்படுத்திக் கட்டை இறக்கிவிட்டு மறுபடி பதிவைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். கை எழும்புகிறது, இறங்குகிறது. எத்தனையாவது தடவை என்று தெரியாமல் போனது. ஒவ்வொரு தடவையும் அந்த முதல் நொடியைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தான், ஒவ்வொரு தடவையும் கால் அதிலேயே போய் விழுந்தது. வாங்கு, நல்லா வாங்கு. ச்சீ, பெற்ற தகப்பன். சூசையை வெட்டிப் போட்டால்தான் இது அடங்கும் என்று தோன்றியது.

அப்பாவுக்கு அப்போது பஸ் டிரைவர் வேலை, மாயழகு என்றால் புதுக்கோட்டை ரூட்டில் எல்லோருக்கும் பயம். கண்டக்டர்கள் அவரோடு டியூட்டி போடாமல் இருக்க லீவு எடுப்பார்கள். வீட்டுக்கு வரும்போது கையில் டிபன் கேரியர், பையில் பழைய ஃபேன் பெல்ட். பஸ் இன்ஜினில் ஓடி ஓடி வெடித்த ரப்பர், உள்பக்கம் நூல் தெரியும். அதற்கென்று கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி. கணக்கில் நாற்பத்திரண்டு வாங்கினால் அது, தெருவில் பம்பரம் விட்டால் அது, ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றால் "என்னடா முறைக்கிற" என்று அதற்கும் அது. அடி விழும்போது வலிக்காது, விழுந்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வலிக்கும், அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பான். வியர்த்திருக்கும். பிடரி வரைக்கும் சிவந்திருக்கும். ஒரு நாள் எண்ணினான், பதினேழு. பதினேழாவதில் பெல்ட் அறுந்தது, அவர் அறுந்த துண்டைப் பார்த்து அலுத்துக்கொண்டார், நாளைக்கு வேறு கொண்டுவரணும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். அம்மா சமையலறையில் இருந்தாள், வெளியே வரவில்லை, வந்தால் அவளுக்கும் உண்டு. அம்மா போய் ஒன்பது வருஷம். அந்த ஆளுக்கு மறதி வந்து மூன்று வருஷம். எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார், பதினேழையும் மதியழகன் ஒருவனே தூக்கிக்கொண்டு நாற்பது மாடி ஏற வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்டவரையும் அவன் விட்டுவிடவில்லையே. கூட வேலை பார்க்கிறவர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்குப் பேசுவார்கள், அவன் தினம் பேசினான். போன லீவில் நல்ல கேமராவாகப் பார்த்து வாங்கிப் போய் டிவிக்கு மேலே சுவரில் தன் கையாலேயே மாட்டினான். ஆள் நகர்ந்தால் அதுவும் தலையைத் திருப்பும், இங்கிருந்து பொத்தானை அழுத்திப் பேசினால் அங்கே கூடம் முழுக்கக் கேட்கும். பெண்டாட்டி, மகளோடு திருச்சியில் இருக்கிறாள், கிழவர் ஒரு தரம் குழந்தை மேல் தட்டை எறிந்ததிலிருந்து அந்த வாசல் மிதிப்பதில்லை. ஆக இவன்தான் கிரேன் மேலிருந்து குடும்பம் நடத்தினான். சாப்பாட்டு நேரம் ஆனதும் பொத்தானை அழுத்துவான். சாப்பிட்டாச்சா. இட்லியைத் துப்பாத. துப்பாதன்னா துப்பாத. வாசலுக்குப் போகாத, கதவைத் தொட்ட கையை உடைச்சிருவேன். வேட்டியை ஒழுங்கா கட்டு. காது கேக்குதா இல்லையா. கேட்காதவரிடம் கத்தத்தானே வேண்டும். கிழவர் சுவரைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், நாற்காலியில் ஒடுங்கி உட்கார்வார். சொன்ன பேச்சுக் கேட்கிறார் என்று மதியழகனுக்குத் திருப்தியாக இருக்கும். இரண்டாயிரம் மைல் தாண்டியும் அப்பாவைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று அறைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வான். சேர்ந்த புதிதில் சூசை ஒரு நாள் போனில், "தம்பி, கொஞ்சம் மெதுவா பேசுதீயளா, ஐயாவுக்கு..." என்று இழுத்தான். "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று வெட்டினான் மதியழகன். அதற்குப் பிறகு சூசை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் துண்டு.

இந்நேரம் பேராவூரணி தாண்டியிருப்பான் மச்சான். பின்னால் ஒருத்தனை உட்கார வைத்திருப்பான், நடுவில் சாக்கில் சுற்றின இரும்புக் குழாய். சூசை கதவைத் திறப்பான், யாரு வேணும் என்று அந்தக் குமரிப் பேச்சில் இழுப்பான், முழுக்க இழுப்பதற்குள் வயிற்றில் ஒரு உதை. சுவரில் போய்ச் சாய்வான். கையைத் தரையில் விரித்து வைத்து ஒருத்தன் மிதிக்க இன்னொருத்தன் இறக்குவான். எலும்பு உடைகிற சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. துண்டு மறைத்தால் மறைக்கட்டும், சத்தம் கேட்கும், துண்டு காதை மூடாது. அப்போதுதான் அது உறைத்தது. சத்தம். இந்தப் பதிவிலும் சத்தம் இருக்குமே. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை, இப்போது கூண்டுக்குள் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அப்பா அழுவதைக் கேட்க வேண்டும். கேட்டால் நெஞ்சுக்குள் கிடக்கிற அந்த அசிங்கமான இனிப்பு செத்துப்போகும், சுத்தமான கோபம் மட்டும் மிஞ்சும், நல்ல மகனுக்கு இருக்க வேண்டிய கோபம். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, ஒலியை முழுக்க ஏற்றி, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டான்.

"ஆ காட்டுங்க. இன்னும் ஒரு வாய்" என்றது சூசையின் குரல். தட்டில் விரல் உரசுகிற சத்தம். பிறகு, "ஐயோ யம்மா", தொடர்ந்து பளார். அது எலும்பு வரைக்கும் கேட்டது. "கடிச்சா அடிக்கத்தான் செய்வேன், பாத்துக்கிடுங்க. ரெத்தம் வருது பாருங்க. மாட்டுப் பல்லு. வலிக்கா உங்களுக்கு?" அப்பாவின் குரல் யோசித்துவிட்டு, "உனக்கு வலிக்குதா?" என்றது. "வலிக்காம பின்ன." அப்புறம் அந்தக் குலுங்கல். மதியழகன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தான், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, மறுபடி காதில் வைத்தான். சிரித்தார்கள். இரண்டு பேரும். அப்பா மூக்கால் சிரித்தார், நடுவில் விக்கினார், மறுபடி சிரித்தார். நாற்பத்தொரு வயதில் முதல் முறையாக அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டான், இது யார் என்று ஒரு கணம் அடையாளம் பிடிபடவில்லை. "மணி என்ன?" என்றார் அப்பா, குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "ஒம்பதரை ஆவப்போவுது." "மூடுய்யா. வந்துருவான்." "ஐயா, அது உங்க மவன்லா. அக்கறையிலதான் சத்தம் போடுதாரு." "எம்மவனா? எம்புள்ள மதி சின்னப் பய. பள்ளிக்கூடம் போயிருக்கான். அவன் வர்றதுக்குள்ள மூடிரு. இந்தச் சுவத்துக்காரன் சத்தத்தக் கேட்டா புள்ள பயந்துரும். நான் அடிச்சே அவன் பாதியாயிட்டான்யா." காலடிச் சத்தம் பக்கத்தில் வந்தது. துணி உரசியது.

மதியழகனுக்கு உடனே ஒன்றும் விளங்கவில்லை. பாதியாயிட்டான்யா. தெரிந்திருக்கிறது. பாவி, தெரிந்துதான் இருந்திருக்கிறது. எல்லாம் மறந்தும் அது மறக்கவில்லை. துண்டு ஒன்பதரைக்கு விழுவது சூசை அடிக்கிற நேரம் என்பதால் அல்ல, மதியழகன் வருகிற நேரம் என்பதால். சுவத்துக்காரன். பத்து நாளாக, நாளைக்கு ஒரு மணி நேரம், அந்த இரண்டு பேரும் அவனுக்கு ஒளிந்து இருந்திருக்கிறார்கள், சின்ன வயதில் கதவுக்குப் பின்னால் அவன் ஒளிந்து இருந்தது போல. சூசை அடித்தானே, அடித்தது அடித்ததுதானே, என்று மனம் ஒரு பக்கம் வக்கீல் வேலை பார்த்தது, பிடி கிடைக்காமல் வழுக்கியது. மணி பார்த்தான், பத்தாக ஐந்து நிமிடம். மச்சானுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, பைக்கில் போகிறவன் எப்படி எடுப்பான். மறுபடி, மறுபடி. வேண்டாம் மச்சான், தொடாத, நான் தப்பாப் பாத்துட்டேன் என்று ஒலிச்செய்தி அனுப்பினான், ஒரு டிக் மட்டும் விழுந்தது, போய்ச் சேரவில்லை. சூசைக்கு அடித்தான். போன் அடிப்பது வீட்டுக்குள்ளிருந்து கேமரா வழியாகவே இவனுக்குக் கேட்டது, அதோடு சேர்த்து அப்பாவின் முனகலும். "இல்லய்யா, இல்ல, நான் எடுக்கல. நீங்க தூங்கின பொறவு கூப்பிட்டுக்கிடுதேன்" என்று சூசை சொன்னான். மணி நின்றது. மறுபடி அடித்தபோது போன் அணைந்திருந்தது.

மிச்சம் இருந்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான். மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான். "சூசையண்ணே" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், அங்கே அது எப்படிப் போய் விழுந்ததோ. அப்பா ஓலமிட்டார். நாற்காலி கவிழ்கிற சத்தம், தட்டு உருள்கிற சத்தம். "அண்ணே கதவத் தொறக்காதீங்க, ஆள் வர்றாங்க, உங்கள அடிக்க வர்றாங்க, பின்பக்கமாப் போயிருங்க" என்று அவன் சொல்லச் சொல்ல ஓலம் அதற்கு மேலே ஏறியது, ஓலத்துக்கு மேலே போக அவன் கத்தினான், கத்தக் கத்த அவன் குரல் யாருடைய குரல் என்று அவனுக்கே கேட்டது, பிடரி சிவந்த குரல். துண்டுக்கு அந்தப் பக்கம் சூசை, "அடிக்க மாட்டாரு, ஒண்ணும் செய்ய மாட்டாரு, நான் இருக்கம்லா, இந்தா பாருங்க, புடுங்கிப் போட்டுருதேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பச்சை ஒரு தரம் அசைந்தது. பிறகு திரை கறுத்தது, கேமரா இணைப்பில் இல்லை என்று எழுத்து வந்தது. அவன் எழுந்து நின்றான், நிற்கக்கூட அந்தக் கூண்டில் இடமில்லை, தலை கூரையில் மோதியது. கண்ணாடியைக் குத்தினான். மறுபடி குத்தினான். முட்டி கிழிந்து ரத்தம் கண்ணாடியில் அப்பியது, நாற்பது மாடிக்குக் கீழே யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இறங்கி ஓடினால், படகைப் பிடித்தால், விமானத்தைப் பிடித்தால் என்று மனம் கிறுக்குத்தனமாகக் கணக்குப் போட்டது. பத்து ஐந்து. பத்து பத்து. ஒருவேளை வண்டி பஞ்சராகி இருக்கலாம். ஒருவேளை மச்சான் டீ குடிக்க இறங்கி, செய்தியைக் கேட்டிருக்கலாம். கடவுளே, ஒரே ஒரு தரம். பத்து பதினேழுக்கு போன் அடித்தது. மச்சான்.

"முடிஞ்சுது மாப்ள" என்றான் பாண்டித்துரை, மூச்சு வாங்கியது. "கை ரெண்டு எடத்துல போயிருக்கும். ஆனா உங்கப்பன் என்னடா மனுஷன், குறுக்க வந்து விழுந்துட்டாரு. ஓங்கினத நிறுத்த முடியல, தோள்ல ஒண்ணு பட்டுருச்சு. எழுந்திரின்னா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு, அந்தாளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு மேல கவுந்து கெடக்காரு. எம்புள்ளய விட்டுரு, எம்புள்ளய அடிக்காதங்கறாரு. இவனப் போயி மதி மதிங்கறாரு. எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு." மதியழகன், "ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ மச்சான், இப்பவே, கார் எடு" என்றான். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "கொண்டு போவலாம், அவரு பிடிய விடணும்ல. நீ சொல்லு, உன் கொரலக் கேட்டா விட்டுருவாரு. ஸ்பீக்கர்ல போட்டு காதுகிட்ட வைக்கிறேன், பேசு." வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் எல்லாச் சத்தமும் மாறிவிட்டது. வெகு பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. இரைகிற, எச்சில் கலந்த, கிழட்டு மூச்சு, அவன் காதுக்குள்ளேயே விடுவது போல. அதற்கு அடியில் இன்னொரு மூச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்குகிற மூச்சு. "வலிக்குதாய்யா மதி" என்றார் அப்பா. இப்படி ஒரு குரல் அவருக்கு உண்டு என்று இவனுக்குத் தெரியாது. "எங்கய்யா வலிக்குது, காட்டு." பிறகு சூசை, "வலிக்கலப்பா" என்றான். தூரத்தில் மச்சான், "பேசு மாப்ள, பேசு" என்று அவசரப்படுத்தினான். மதியழகன் ரத்தம் வழிகிற கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான். நெஞ்சு விம்மியது, அந்த விம்மல்கூட வெளியே போய்விடக் கூடாது என்று மூக்கையும் சேர்த்து அடைத்தான். "அவன் போயிட்டானா?" என்று அப்பா கேட்டார். "போயிட்டாரு" என்றான் சூசை. மேலே கூண்டு காற்றோடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, மதியழகன் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.